உப்பைப் போட்டவள்

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் குழாயடிக்கு ஓடினால், கொளஞ்சி மட்டும் மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் உரக்கப் படித்துக்காட்டப் புத்தகத்தை எடுத்துவிடுவாள். நாலே நாளில் புத்தகத்தின் ஓரமெல்லாம் வெள்ளை பூத்துப்போயிற்று. விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் கடைசி ஷெட்டு அது. பதினோரு பெண்கள் வேலை பார்த்தார்கள். கரைத்த பீங்கான் மாவை அச்சில் ஊற்றி எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். மாசி மாசம்தான், அதற்குள் தகரக் கூரை அனலாய்க் கொட்டியது.

“எதுல வுட்டன்?” என்றாள் கொளஞ்சி.

“மொதலாளி மச்சான் போரு பைப்புகிட்ட நின்னு பீடி குடிக்கறான் பாரு, அதுல,” என்றாள் மாரியம்மாள், புளிசோற்றை உருட்டிக்கொண்டே. “அவன்தான்டி போட்டிருப்பான். முழியே சரியில்ல.”

“புஸ்தகத்துல எங்கடி முழி தெரிஞ்சிது ஒனக்கு?”

“அவதான் எழுதியிருக்காளே, திருட்டுப் பூனையாட்டம் முழிச்சான்னு.”

ஷெட்டே சிரித்தது. வளர்மதி மட்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேழ்வரகுக் களியை விழுங்கிக்கொண்டிருந்தாள். களி என்றால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அவளுக்கு அன்றைக்குத் தொண்டையிலேயே நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? அந்தப் புத்தகத்தை எழுதியவள், பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே எஸ்டேட்டில் வேறொரு பட்டறையில் இவளுக்குப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து பொம்மை சுரண்டிய பூங்கோதை.

பூங்கோதை இப்போது ஸ்ரீமுஷ்ணத்தில் டீச்சர். வேலை போனதும் தபாலில் படித்தாள், பி.ஏ. முடித்தாள், பி.எட். முடித்தாள். அதோடு விட்டாளா? சென்னையில் ஒரு பதிப்பகம் பள்ளிக்கூடத்துப் பெரிய பிள்ளைகள் படிக்கிற மாதிரி துப்பறியும் நாவல் எழுதப் போட்டி வைத்தது என்று இவளும் எழுதிப் போட்டாள். முதல் பரிசு. ‘உப்பைப் போட்டது யார்?’ என்று தலைப்பு. அட்டையில் உடைந்த பொம்மை ஒன்று, பின்னட்டையில் கண்ணாடி போட்டுக்கொண்டு பூங்கோதை.

கதை இதுதான். ஒரு பீங்கான் பட்டறையில் ஆயிரத்து இருநூறு கொலு பொம்மை சூளையிலிருந்து வெளியே வரும்போது அம்மை போட்ட மாதிரி குழி குழியாக வருகிறது. மாவுத் தொட்டிக்குப் பொறுப்பான பெண்ணுக்கு வேலை போகிறது. அவளுடைய தங்கையும் தங்கையின் தோழியும், பதினொண்ணாவது படிக்கிற இரண்டு பெண்கள், மாவில் உப்பைப் போட்டது யார் என்று கண்டுபிடிக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கொளஞ்சி கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தாள். போட்டவன் முதலாளி மச்சான்.

“பாத்தியா, நான் சொல்லல?” என்றாள் மாரியம்மாள்.

“எனக்கு சப்புன்னு போச்சி,” என்றாள் கொளஞ்சி. “பத்தாவது பக்கத்துல தெரிஞ்ச ஆளு எரநூறாவது பக்கத்துலயும் அவனேவா? நான் கணக்குப்புள்ளன்னு நெனச்சிக்கிட்டு இருந்தன்.”

“ஒனக்கு யாரு மேலதான் சந்தேகம் வரல. அந்தப் பொண்ணுங்க சைக்கிள்ல தொரத்திக்கிட்டுப் போவுதே, எனக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிச்சி, எழுந்து போவல நான்.”

மேஸ்திரி பாலகிருஷ்ணன் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு போகிற போக்கில், “லவ்வே இல்ல. அதுனால நல்ல கத. எம் பொண்ணுக்குக் குடுத்திருக்கறன்,” என்றார்.

“லவ்வு இல்லன்னா என்னா கத அது?” என்று ஒருத்தி கேட்க, அதற்கொரு சண்டை. ஆளுக்கொரு வாய். ஒரு விஷயத்தில் மட்டும் பதினோரு பேரும் ஒரே கட்சி. கதையில் மதி அக்கா என்று ஒருத்தி வருகிறாள். வேலை போன பெண்ணுக்கு இரண்டு வருஷம் முன்னாலேயே பட்டறைக்கு வந்தவள். தினமும் தன் சோற்றில் பாதியைப் பிட்டுக் கொடுப்பாள், அழுதால் கண்ணைத் துடைத்துவிடுவாள். தங்கமான மனுஷி.

“அந்த மதி அக்கா நீதான வளரு?” கொளஞ்சி கேட்டாள். “மொதப் பக்கத்துலயே போட்டிருக்குதே. ‘எனக்குச் சோற்றில் பங்கு கொடுத்த வளர்மதி அக்காவுக்கு’ன்னு.”

“சோறு போடத்தான் நான் பொறந்தன்,” என்று வளர்மதி தூக்குவாளியை டமாரென்று மூடினாள். மற்றவர்கள் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

பணிவாவது ஒன்றாவது! வயிறு எரிந்தது. பூங்கோதை பேர் அட்டை மேலே, கொட்டை எழுத்தில். வளர்மதி பேர் உள்ளே, ஈ எறும்பு மாதிரி. அவள் எழுத்தாளர். இவள் சோத்து மூட்டை. கொளஞ்சி வாயைத் திறந்தால் பூங்கோதை, மேஸ்திரி வாயைத் திறந்தால் பூங்கோதை. பெண்ணாடம் மில்லுக்குக் கரும்பு ஏற்றிப்போகிற வளர்மதியின் புருஷன் திருமால்கூட விடவில்லை. இரண்டு நாள் மில் வாசலில் வரிசையில் நின்றுவிட்டு வந்து, “டிராக்டருலியே படிச்சி முடிச்சிட்டன் வளரு. டிரைவருங்க நாலு பேரு மாத்தி மாத்திப் படிச்சோம். மொதலாளிதான் போட்டான்னு காத்தவராயன் டீக்குப் பந்தயம் கட்டித் தோத்துட்டான்,” என்றான். கல்யாணமாகி பதினெட்டு வருஷத்தில் அவன் பஸ் போர்டைத் தவிர வேறெதையும் படித்து அவள் பார்த்ததில்லை.

அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். மகள் பிரபாவைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிரபாவும் பதினொண்ணாவதுதான். புத்தகத்தை மூன்று தடவை படித்துவிட்டாள். யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்று நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தாள். சோற்றைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டால் வரமாட்டாள். முதல் பக்கத்தைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். “எங்கம்மாதான் மதி அக்கான்னு சொன்னன்ம்மா, யாரும் நம்பல. ஸ்கூலுக்கு ஒரு நாளு வரியா?” என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வயசுக்கு வந்தபிறகு அந்தப் பெண் அம்மா கழுத்தைக் கட்டியது அதுதான் முதல் தடவை. வளர்மதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்த நிமிஷமே அதுவும் பூங்கோதை போட்ட பிச்சைதானே என்று எரிந்தது. பூங்கோதை எழுதாவிட்டால் பெற்ற மகளுக்குத் தாய் ஞாபகம் வராது போலிருக்கிறது!

சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. பூங்கோதைக்கு நிஜமாகவே அப்படித்தான் வேலை போயிற்று, ஆனால் அந்தக் காரியத்தைச் செய்தது எந்த மச்சானும் இல்லை. அந்தப் பட்டறையில் மச்சான் என்று ஒருவன் இருந்ததே இல்லை. செய்தது வளர்மதி.

தொண்ணூற்றேழு, சித்திரை மாசம். பட்டறைக்கு வளர்மதி வந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் பூங்கோதை சேர்ந்திருந்தாள். மாவு ஊற்றுகிற அறைக்குப் பொறுப்பாக ஒரு பெண்ணைப் போடப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும், தனக்குத்தான் என்று வளர்மதி அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தாள். முதலாளி அந்த அறைச் சாவியை எடுத்துப் பூங்கோதையிடம் நீட்டினார். “எழுதப் படிக்க நல்லாத் தெரிஞ்ச பொண்ணு,” என்றார். அவ்வளவுதான் காரணம்.

பொம்மை அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தது. அதன் தூள் மாவில் விழுந்தால் என்ன ஆகும் என்று பட்டறையில் வளர்மதிக்கு மட்டும்தான் தெரியும். ஒருமுறை அச்சின் ஓரம் உடைந்து தொட்டியில் விழுந்ததையும், வெந்து வந்த பொம்மை தெறித்ததையும் அவள் ஒருத்திதான் சேர்த்துப் பார்த்திருந்தாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கொலு பொம்மைக்குக் கரைத்து வைத்திருந்த தொட்டியில் அந்தத் தூளைப் போட்டாள். போட்டுவிட்டு வந்து, அன்றைக்கும் தன் களியில் பாதியைப் பிட்டுப் பூங்கோதைக்குக் கொடுத்தாள். அது நடிப்பு இல்லை, வழக்கம்.

இரும்புக்கடை வைத்திருந்துவிட்டுப் பட்டறைக்கு வந்தவர் முதலாளி. அவருக்கு மாவைப் பற்றி என்ன தெரியும்? குழி விழுந்த பொம்மைகளைப் பார்த்ததும், “கெழக்குப் போருல உப்புத் தண்ணி எடுத்துக் கரச்சிருக்கற,” என்று பூங்கோதையைப் பிடித்துக்கொண்டார். கோடையில் டேங்க் வற்றியதால் அவள் அந்தப் போரில் ஆறு குடம் எடுத்ததும் உண்மைதான். மறுபேச்சுப் பேசாமல் சாவியை வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சாவியும் வளர்மதிக்கு வரவில்லை. யாரோ ஒரு கேரளாக்காரனுக்குப் போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பூங்கோதையே வீடு தேடி வந்துவிட்டாள். கையில் வாட்ச், தோளில் பை, பிரபாவுக்கு ஒரு பேனா.

“அக்கா! எம்மாம் நாளாச்சி ஒங்களப் பாத்து. எளச்சிட்டிங்களே.”

“வயசாவுதில்ல. நீதான் பூரிச்சிப் போயிட்ட,” என்றாள் வளர்மதி. “ஒக்காரு. சாப்புட்டுதான் போவணும்.”

பச்சை முந்திரிப் பருப்பை உரித்துப் போட்டுக் குழம்பு வைத்திருந்தாள். முருங்கைக்கீரை வதக்கியிருந்தாள். ஆகாதவள் வந்தாலும் வாய்க்கு ருசியாய்ப் போடுகிற கை அவளுக்கு. பூங்கோதை இரண்டு தரம் குழம்பு வாங்கினாள். பிரபா அவளை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து கேள்வியாய்க் கேட்டாள்.

“சித்தி, கதையில வர்ற மாதிரி நெஜமாவே ஒங்க வேல போச்சா?”

“போச்சி. வூட்டுல வந்து மூணு நாளு சாப்புடல. நாலாம் நாளு ஒங்கம்மாதான் பஸ்ஸு ஏறி ஸ்ரீமுஷ்ணம் வந்து சோறு ஊட்டிவுட்டுது.”

“அம்மா, சொல்லவே இல்ல நீ!”

“இதெல்லாம் ஒரு சேதியா?” என்று வளர்மதி தட்டைத் தேய்க்க எழுந்துபோனாள். போனது உண்மைதான். பூங்கோதைக்குச் சந்தேகம் வந்திருக்கிறதா என்று பார்க்கப் போனாள். பார்த்ததும் பாவமாக இருந்தது, ஊட்டினாள். இரண்டும் உண்மை.

“நாளைக்கி லைப்ரரியில வாசகர் வட்டம் கூட்டம் வெச்சிருக்காங்கக்கா. தமிழ்ச்செல்வன் வாத்தியாரு நடத்தறாரு. நீங்க வரணும். நீங்க வராம எனக்கு அங்க என்னா இருக்குது?”

“எனக்கு அங்க என்னாடி வேல? நான் படிச்சவளா?”

“நான் கூட்டியாறன் சித்தி,” என்றாள் பிரபா. அம்மாவைக் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்து மாடியில் நாற்பது ஐம்பது பேர். பாதிப் பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். கொளஞ்சியும் மாரியம்மாளும் தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். தமிழ்ச்செல்வன் வாத்தியார் மைக்கை ஒவ்வொருவராகக் கொடுத்தார்.

வக்கீல் பழமலைநாதன் முதலில் எழுந்தார். “கொலையே இல்லாம ஒரு மர்ம நாவலா? பொம்ம கெட்டுப்போனதுக்கு இருநூறு பக்கமா?”

“கொல இல்லாததுனாலதான் சார் பயமா இருந்திச்சி,” என்று ஒரு பெண் பிள்ளை எழுந்தது. “எங்க தெருவுல நடக்கற மாதிரி இருந்திச்சி.”

“படிக்கிற பொண்ணுங்க ரெண்டு பேரும் பட்டறை பட்டறையா சைக்கிள்ல சுத்தறது நல்லதுக்கா?” என்றார் ஒருவர்.

“ஏன், பையனுங்க சுத்துனா மட்டும் நல்லதா?” கொளஞ்சி உட்கார்ந்தபடியே கேட்டாள். கைதட்டல்.

பிறகு பிரபா எழுந்தாள். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு. வளர்மதிக்கு நெஞ்சு பொங்கியது. எம் பொண்ணு.

“கத ரொம்பப் புடிச்சிது. ஆனா குத்தவாளி தப்புன்னு நெனைக்கறங்க,” என்றாள் பிரபா. “மச்சான் பட்டறைக்கு வந்ததே மூணு தடவ. மாவு எந்தத் தொட்டியில இருக்குதுன்னே அவனுக்குத் தெரியாது. நான் எழுதியிருந்தா மதி அக்காவதான் குத்தவாளியா வெச்சிருப்பன். அவங்க ரெண்டு வருசம் மூத்தவங்க. அவங்களுக்கு வர வேண்டிய சாவி சின்னவ கைக்குப் போவுது. கொஞ்சங்கூடவா வவுத்தெரிச்சல் இருக்காது? அம்மாம் நல்லவங்க யாரும் இல்லீங்க.”

கூட்டம் கலகலத்தது. “மதி அக்காவா? இருக்கவே இருக்காது!” என்று பிள்ளைகள் கத்தின. “அடிப்பாவி, பெத்தவளையே திருடிங்கறியேடி!” என்று கொளஞ்சி வாயில் கையை வைத்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வளர்மதி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

பூங்கோதையும் சிரித்தாள். “பிரபா மாதிரி இந்தப் புத்தகத்த யாரும் படிச்சதில்ல. இது ஒரு நாளு எழுதும் பாருங்க,” என்றாள். அதைக் கேட்டதும் பிரபாவின் முகம் பூத்த பூப்பு இருக்கிறதே, பெற்றவள் அதை ஒருநாளும் பார்த்ததில்லை. பத்தாவதில் நானூற்று இருபது வாங்கியபோது, “எங்கண்ணு, நீ பெரிய ஆளா வருவடி,” என்று வளர்மதி உச்சி முகர்ந்தபோதுகூட அப்படிப் பூக்கவில்லை.

“ஆனா மதி அக்காவ நான் கண்ணால பாத்தவ,” பூங்கோதை சொன்னாள். “அவங்க அப்பிடிதான். இதோ ஒக்காந்திருக்காங்க. அக்கா, வாங்க, ரெண்டு வார்த்த பேசுங்க.”

ஒன்றும் வேண்டாம் என்று தலையசைத்திருந்தால் போயிருக்கும். பயம் அதைத்தான் சொல்லிற்று. ஆனால் பயத்தை விடப் பெரிய பேய் ஒன்று அவளைப் பிடித்து எழுப்பியது. இந்தக் கூட்டத்தில், எம் பொண்ணு எதிரில், இவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று ஒரு தடவையாவது காட்ட வேண்டும். மைக்கைச் சோத்துக் கரண்டி மாதிரி பிடித்துக்கொண்டாள்.

“கத நல்லாதான் இருக்குது. ஆனா உப்பு தப்பு.”

வாத்தியார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“உப்பு போட்டா மாவு அப்பவே தயிராட்டம் ஒறஞ்சிக்கும். அச்சுல ஊத்தவே முடியாது. அப்பறம் எங்க பொம்ம எடுக்கறது, எங்க சூளையில வெக்கறது? நாலு வருசம் மாவுல கெடந்தவளுக்கு இதுகூடத் தெரியல. டீச்சரு வேற.”

“அட!” என்றார் தமிழ்ச்செல்வன் வாத்தியார், உற்சாகமாக. “நல்ல பாயிண்ட்டு. அப்ப எதப் போட்டா அந்தமாதிரி ஆவும்மா?”

பிரபா வாயைப் பிளந்துகொண்டு அம்மாவையே பார்த்தாள். அந்தப் பார்வை போதையாக ஏறியது.

“அச்சுத் தூளு. அச்சு ஓரத்தச் சொரண்டுனா வெள்ளையா உதுரும் பாருங்க, அது. மாவோட மாவா நின்னுக்கும், ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது. வெந்து வந்தாதான் அம்ம போட்டாப்புல தெறிக்கும். ஒரு கைப்புடி பத்தாதுங்க, அம்மாம் பெரிய தொட்டிக்கு. மூணு கைப்புடி போட்டு, துடுப்பால அடி வரைக்கும் கலக்கிட்டு, சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள வந்து எடத்துல ஒக்காந்துக்கணும்.”

கைதட்டல் மாடியை அதிர வைத்தது. கொளஞ்சி விசில் அடித்தாள். “இதல்லவா வாசகர் கருத்து! அடுத்த பதிப்புல அவசியம் திருத்தணும்,” என்றார் வாத்தியார். பிரபாவும் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தவள், மெல்ல மெல்லத் தட்டுவதை நிறுத்தினாள். பூங்கோதை தட்டவே இல்லை.

கூட்டம் கலைந்தது. கொளஞ்சியும் மாரியம்மாளும் மச்சானா மதி அக்காவா என்று கத்திக்கொண்டே படியிறங்கிப் போனார்கள். மாடியில் மூன்று பேர் நின்றார்கள். பூங்கோதை மீதிப் புத்தகங்களைப் பையில் அடுக்கினாள். அடுக்கி முடித்தும் நிமிரவில்லை.

“மூணு கைப்புடியாக்கா?” என்றாள்.

“தொழில் தெரிஞ்சவ, சொன்னன்,” என்றாள் வளர்மதி.

“கெழக்குப் போரு தண்ணிய நான்தான எடுத்தன். பதினோரு வருசமா என் தப்புன்னுதாங்கா நெனச்சிக்கிட்டு இருந்தன். அப்பா கேட்டதுக்கும் என் தப்புன்னுதான் சொன்னன். என் தப்பா இருக்கக் கூடாதுன்னுதான் அந்த மச்சான உண்டுபண்ணி எழுதுனன்.” பூங்கோதை கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். துடைக்க வேண்டியது கண்ணாடி இல்லை. “பரவால்லக்கா. அடுத்த பதிப்புல உப்ப எடுத்துட்டு அச்சுத் தூளப் போட்டுடறன். மதி அக்காவ மாத்த மாட்டன். அவங்க அப்பிடியே இருக்கட்டும்.”

திட்டியிருந்தால் வளர்மதியும் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போயிருப்பாள். தலைமயிரைப் பிடித்திருந்தால் இவளும் பிடித்திருப்பாள். இதிலும் அவளே மேலே போய் நின்றுகொண்டாளே!

“எவடி ஒன்னக் கேட்டா?” என்று வெடித்தாள். “என்ன நல்லவளா எழுதுன்னு ஒன் வாசல்ல வந்து நின்னனா நானு? ஆமா, நான்தான் போட்டன். எனக்கு வர வேண்டிய சாவி ஒன் இடுப்புல தொங்குச்சி. வவுறு எரிஞ்சிது, போட்டன். நீ ஒழிஞ்சி போவன்னு நெனச்சன். நீ என்னாடான்னா படிச்சி, எழுதி, வாட்சி கட்டிக்கிட்டு வந்து எம் பொண்ணு பக்கத்துல ஒக்கார்ற. இப்பவும் எரியுதுடி. அதையும் எழுதிக்க!”

பூங்கோதை பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கீழே ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

வளர்மதி திரும்பி மகளைப் பார்த்தாள். பிரபா நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். உதடு கோணிக்கொண்டது.

“நான் கதைக்குதாம்மா சொன்னன்,” என்றாள்.